பதிலி: ‘ப்ராக்ஸி’ என்ற சொல்லும் அதன் வேலையும்

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் நிலத்தை, நோட்டரி முன்னிலையில் ‘ப்ரொக்யுராசியோன்’ என்ற அதிகாரப் பத்திரம் காட்டித் தம்பி விற்றுக்கொடுப்பது மொரீஷியஸில் நாம் அறிந்ததுதான். கணினித் துறையின் ‘ப்ராக்ஸி’ அச்சொல்லுக்கு உடன்பிறப்பு. இலத்தீனில் ‘ப்ரோ’ என்றால் பொருட்டு. ‘கூரா’ என்றால் கவனிப்பு. பிறர் பொருட்டு அவர் காரியத்தைக் கவனிப்பதைக் குறித்த சொல் பிரெஞ்சில் நீளம் குறையாமல் நிலைத்தது. ஆங்கிலத்தில் தேய்ந்து ‘ப்ராக்ஸி’ ஆயிற்று.

அறிவியல் தரவைப் படமாக்கும் ‘பாராவியூ’ மென்பொருளில் இச்சொல் அடிக்கடி வரும். கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகமும் 2000-இல் தொடங்கிய பணி அது. அதைத் தொலைவிலுள்ள பெருங்கணினியோடு இணைத்து வேலை செய்யும்போது, தரவு அங்கே வழங்கியில் (சர்வர்) இருக்கும். பைத்தான் மொழியில் எழுதிய நம் நிரல் இங்கே மடிக்கணினியில் ஓடும். கோப்பைத் திறந்ததும் நிரலில் ஒரு மாறி கிடைக்கிறது. அதைத் தரவு என்று எண்ணித்தான் பலர் தடுமாறுகிறார்கள். உண்மையில் அது தரவின் இடத்தில் நிற்கும் ப்ராக்ஸி, அதாவது பதிலி. கோப்பின் பெயர், தரவைப் பதப்படுத்தும் வடிகட்டியின் (ஃபில்டர்) அமைப்புகள் ஆகியவற்றை அதில் மாற்றலாம். மாற்றம் வழங்கியைச் சென்றடையும். புள்ளிகளின் மதிப்புகள் மட்டும் அதனுள் இல்லை.

இப்படிப் பிரித்து வைத்ததற்கு வலுவான காரணம் உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களை வெள்ளக்காடாக்கியது. அத்தகைய வெள்ளத்தின் ஓட்டத்தை 100 கோடி புள்ளிகளில் ஒருவர் கணிப்பதாகக் கொள்வோம். புள்ளிக்கு 3 திசைவேக எண்கள், எண்ணுக்கு 8 பைட். ஒரே ஒரு கணத்துக்கு 24 ஜிகாபைட். இதை மடிக்கணினிக்கு இழுத்தால் அது திணறி நின்றுவிடும்.

ஆகவே முதலில் கோப்பைப் படித்து வடிகட்டிகளை இயக்குமாறு வழங்கியிடம் சொல்ல வேண்டும்; அதுவரை பதிலியிடம் சொல்வதற்கு ஒன்றும் இராது. இயங்கியபின் புள்ளிகளின் எண்ணிக்கை, எல்லைகள், மதிப்புகளின் வீச்சு ஆகியவற்றை அதனிடமே கேட்கலாம், தரவு இடம்பெயராது. உண்மையான எண்களே வேண்டுமென்றால் ‘ஃபெட்ச்’ கட்டளை இருக்கிறது. ஆனால் வெட்டுமுகமோ ஓரிடத்தின் மதிப்போ வழங்கியிலேயே பிரித்தெடுத்து, அந்தச் சிறு பகுதியை மட்டும் கொணர்வதே முறை. இன்னொரு வழி, நம் பைத்தான் வரிகளை ‘ப்ரோகிராமபிள் ஃபில்டர்’ என்ற வடிகட்டிக்குள் எழுதுவது. அவை தரவு இருக்கும் இடத்திலேயே ஓடுவதால் அங்கே பதிலிக்கு வேலையில்லை.

தமிழில் முகவர், இடையாள், பதிலாள், பதிலி என்று பல சொற்கள் முன்வைக்கப்படுகின்றன. முகவர் தரகு வணிகத்தை நினைவூட்டுகிறார். இடையாள் நடுவில் நிற்பவர். இங்கே வேண்டியது ஒன்றன் இடத்தில் நிற்பது. பதிலாள் மனிதருக்குப் பொருந்தும், நிரலின் பொருளுக்கு ஒட்டாது. கணினி, வழங்கி என்ற வரிசையில் ‘பதிலி’ இயல்பாக அமர்கிறது. ‘பதில்’ அரபிச் சொல்லான ‘பதல்’ என்பதிலிருந்து உருது வழியே வந்தது என்பார்கள். அதனால் அதை ஒதுக்க வேண்டியதில்லை; ‘அவனுக்குப் பதில் நான் வந்தேன்’ என்று நம் வீட்டுப் பேச்சில் ஊறிவிட்ட சொல் அது. ‘ஃபெட்ச்’ என்பதற்குக் ‘கொணர்தல்’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.