முதியோர் குடியிருப்பில் வீடு: ரெரா எதுவரை காக்கும், எங்கே கைவிடும்

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் சாலைப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வீட்டில் இரண்டே பேர், ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆளில்லை. இந்தப் பயத்தோடு போகிற பெரியவர்கள்தான் அங்கே பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். பயத்தோடு போகிறவர் பத்திரத்தைச் சரியாகப் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்து அந்தக் காகிதக் கட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அதற்குள் செய்யக்கூடியது பாதியாகக் குறைந்திருக்கும்.

சட்டப் பின்னணி இவ்வளவுதான். வீடு கட்டி விற்பவரைக் கட்டுப்படுத்துவது 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். அதை நடத்தும் ஆணையத்தையும் ரெரா என்றே சொல்கிறோம். முதியோர் குடியிருப்புகளுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. வழுக்காத தரை, சக்கர நாற்காலி போகிற அகலம், அவசர அழைப்பு மணி என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் அது வெறும் மாதிரி. அதை மட்டும் காட்டி எந்த அலுவலகத்திலும் வழக்கு நடத்த முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குக் கிடைப்பது கிரயமா, டெபாசிட்டா என்பது. கிரயம் என்றால் உங்கள் பெயரில் பத்திரம், நிலத்தில் பிரிபடாத பாகம் (மொத்த நிலத்தில் உங்கள் பங்கு), ரெராவின் பாதுகாப்பு எல்லாம் உண்டு. டெபாசிட் முறையில் ஒரு பெருந்தொகையைக் கட்டிவிட்டு வாழ்நாள் முழுக்க இருந்துகொள்ளலாம் என்பார்கள். வாடகைக்கு இருப்பவரை ரெரா சட்டம் ‘ஒதுக்கீடு பெற்றவர்’, அதாவது வீடு வாங்கியவர், என்று எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான டெபாசிட் ஒப்பந்தங்கள் அந்தப் பக்கமே விழும்படிதான் எழுதப்பட்டிருக்கும். சில இடங்களில் ‘வாடகை’ என்றுகூடப் போடாமல் ‘உறுப்பினர் கட்டணம்’, ‘லைசென்ஸ்’ என்று போடுகிறார்கள். பெயர் எதுவானாலும், பணம் எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு பிடிப்பார்கள், இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘அடுத்தவர் வந்து சேர்ந்ததும் டெபாசிட் திரும்பத் தரப்படும்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தவர் எப்போது வருவார் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று நைச்சியமாகப் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, கிரயம்தான் என்று வைத்துக்கொள்வோம். ரெரா பதிவு எண் கேளுங்கள். கொடுத்த எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் அச்சடித்த எண் முதல் கட்டத்துக்கு உரியதாக இருக்கும், உங்களுக்கு விற்பதோ மூன்றாம் கட்டமாக இருக்கும். நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ பதிவே தேவையில்லை. சட்டம் வருமுன்பே கட்டி முடித்துச் சான்று வாங்கிய பழைய குடியிருப்புகளும் பதிவில் வராது. கைமாறி வரும் வீட்டை வாங்குகிறவர்கள் இதைத் தெரியாமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ‘இந்த வாரத்துக்குள் பாதி கட்டினால் தள்ளுபடி’ என்பதெல்லாம் அதை மீறுவதுதான்.

இப்போது முக்கியமான பொறிக்கு வருவோம். இங்கே நீங்கள் வாங்குவது வீட்டை மட்டுமல்ல. மூன்று வேளைச் சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ், சுத்தம் செய்ய ஆள் ஆகியவற்றுக்காகத்தான் வெளிச்சந்தையைவிட அதிக விலை கொடுக்கிறீர்கள். ஆனால் கிரய ஒப்பந்தத்தில் இவை ஒன்றுகூட இருக்காது. தனியாக ஒரு ‘சேவை ஒப்பந்தம்’ போடுவார்கள், அதுவும் வேறொரு கம்பெனி பெயரில். நாளைக்குச் சாப்பாடு மோசமாகி, நர்ஸ் நின்றுபோனால் பில்டரிடம் கேட்க முடியாது. ‘அது சேவைக் கம்பெனி விஷயம்’ என்பார். அந்தக் கம்பெனியோ மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

அப்புறம் அலைச்சல் தொடங்கும். ரெராவில் கேட்டால் ‘வீட்டில் குறை இல்லையே, மெயின்டனன்ஸ் என்றால் குடியிருப்போர் சங்கத்தைப் பாருங்கள்’ என்பார்கள். சமூகநல அலுவலகத்தில் ‘இது முதியோர் இல்லம் இல்லை, அபார்ட்மென்ட்’ என்பார்கள். ‘மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே’ என்று வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்டிஓ) போனால், 2007-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பிள்ளைகளிடமும் உறவினரிடமும் பராமரிப்புக் கேட்கத்தான், பில்டரிடம் கேட்க அல்ல என்று அனுப்பிவிடுவார்கள். சொல்வது சட்டப்படி சரிதான். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் தெரியவில்லை. எழுபது வயதுக்காரரை மூன்று மாடி ஏற வைத்துவிட்டு ‘இங்கே இல்லை’ என்பது மட்டும் தவறாமல் நடக்கிறது.

தட்ட வேண்டிய கதவு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கே போடலாம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கட்டணம் சொற்பம்: 5 லட்சம் வரை எதுவும் கிடையாது, 20 முதல் 50 லட்சத்துக்கு 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பில்டரின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கெடு இரண்டு வருடம். ‘அடுத்த மாதம் சரிசெய்துவிடுகிறோம் சார்’ என்று சொல்லிச் சொல்லியே இந்த இரண்டு வருடத்தை ஓட்டிவிடுவார்கள். வாய்ப்பேச்சில் விடாமல் ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் எழுதி வையுங்கள்.

இந்த அலைச்சலைத் தவிர்க்க, வாங்கும்போதே ஒன்று கேளுங்கள்: பில்டர், சேவைக் கம்பெனி, நீங்கள் என மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம். 2019 வழிகாட்டியே இதைத்தான் சொல்கிறது. மறுத்தால், சேவைகளின் பட்டியலையாவது கிரய ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே வந்துவிட்டால் அது பில்டரின் கடமை, ரெராவிலும் கேட்கலாம். விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு தர ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு வழிசெய்கிறது. சாப்பாட்டுக் கூடமும் கிளினிக்கும் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். பில்டர் அவற்றைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால், நாளை சங்கம் வேறு கேட்டரிங்காரரைப் போட நினைத்தாலும் அடுப்படிக்குள் போக முடியாது.

இன்னொரு வரி எங்கோ பதினெட்டாம் பக்கத்தில் இருக்கும்: ‘குடியிருப்பவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும்.’ படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ, வெளியேறச் சொல்லவும் தனிக் கட்டணம் கேட்கவும் இந்த ஒரு வரி போதும். அப்படி ஆகிவிட்டார் என்று யார் முடிவு செய்வது, எத்தனை நாள் அவகாசம், உங்கள் செலவில் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளலாமா என்பதை அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பனை அலுவலகத்தில் இருக்கும் பையன் ‘அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி அங்கிள்’ என்பான். சும்மா என்றால் அந்த வரியை அடித்து நீக்கிவிடச் சொல்லுங்கள்.

வீடு யார் பெயரில்? கடன் வசதிக்காக மகன் பெயரில் வாங்கலாம் என்பார்கள். அப்படி வாங்கினால் ரெரா புகார், சங்கத்தில் ஓட்டு எல்லாம் அவருடையது. அவர் அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தூதரகத்தில் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பெற்றோரைப் பிள்ளை கைவிட்டால், 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் முதலிலேயே மகன் பெயரில் வாங்கிய வீட்டுக்கு அந்தப் பிரிவு கைகொடுப்பது கடினம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து வாங்குங்கள்.

கடைசியாக, விற்கும் விதி. 55 வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான் விற்கலாம், பில்டர் மூலமாகத்தான் விற்கலாம், கைமாற்றுக் கட்டணம் இத்தனை சதவீதம் என்று நிபந்தனைகள் இருக்கும். நீங்கள் போனபின் பிள்ளைகளுக்கு வீடு வரும், ஆனால் குடியிருக்க வயது இருக்காது. விற்கும்வரை மெயின்டனன்ஸும், சாப்பிடாத சாப்பாட்டுக்கான நிலைக்கட்டணமும் மாதாமாதம் ஏறும். பூட்டிய வீட்டுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.