மருந்துச்சீட்டைக் கீழே வைத்த பிறகு

16 ஆண்டுகள் பொது மருத்துவராக இருந்தேன். அதில் கடைசி 5 ஆண்டுகள் துறைத் தலைவர். இப்போது மருத்துவமனைகளுக்கும் வேறு சில நிறுவனங்களுக்கும் தலைமைத்துவம், நிறுவன மேம்பாடு ஆகியவற்றில் ஆலோசகராக இருக்கிறேன். "நானும் அந்தப் பக்கம் வரலாமா?" என்று மருத்துவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தனித்தனியே அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியது ஓர் இரவு. வார்டில் ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியதைச் செவிலியர் இரவு 2 மணிக்கே பார்த்துவிட்டார். கேஸ் ஷீட்டில் குறித்தும் வைத்திருந்தார். டியூட்டி டாக்டரை அழைத்தது நாலரை மணிக்கு. நோயாளி பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சில வாரங்கள் டயாலிசிஸ் தேவைப்பட்டது. மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் அந்தச் செவிலியரிடம் ஏன் முன்பே அழைக்கவில்லை என்று கேட்டேன். வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு சொன்னார்: "போன வாரம் அழைத்தபோது, இதற்கெல்லாமா எழுப்புவது என்று எல்லோர் முன்னாலும் திட்டினார்கள், சார்."

திட்டியவர் என் துறையின் மூத்த மருத்துவர். திறமைசாலி. அவருடைய கோபம் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஒரு முறைகூட நான் அதைப் பேசியதில்லை. அந்தச் சிறுநீரகத்தைப் பாதித்ததில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு என்று அன்று புரிந்தது. எந்தப் பாடநூலும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

தேடிப் படித்தபோது, குழுக்கள் இயங்கும் விதத்தை ஆராயும் ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் செய்த ஆய்வு கண்ணில் பட்டது. நன்றாக ஒத்துழைக்கும் மருத்துவக் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர் அவர். கிடைத்த எண்ணிக்கை தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர் கண்ட விளக்கம், அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறை மறைக்காமல் பேசின என்பது. குழுவில் வாய் திறந்து பேசினால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையை அவர் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை 'உளவியல் பாதுகாப்பு' என்று பேசியது. என் வார்டில் இல்லாமல் போனது அதுதான்.

மருத்துவர்கள் இந்தத் துறைக்கு வருவது புதிதல்ல. குழுக்களையும் நிறுவனங்களையும் ஆராயும் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலியட் ஜாக்ஸ் மருத்துவம் படித்தவர். ஒரு தொழிற்சாலையின் பண்பாட்டைப் பற்றி 1951இலேயே ஆராய்ந்து எழுதினார். தலைமைத்துவத்தைப் பற்றி ஹார்வர்டில் நீண்டகாலம் கற்பித்த ரொனால்ட் ஹைஃபெட்ஸும் மருத்துவர். நிபுணர் தீர்த்துவைக்கக்கூடிய சிக்கல் ஒரு வகை. சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் பழக்கத்தையும் நம்பிக்கையையும் மாற்றினால் மட்டுமே தீரும் சிக்கல் வேறு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். நாம் முதல் வகையில் வல்லவர்கள். சர்க்கரை நோயாளியின் உணவுப் பழக்கத்தை மாற்ற முயன்ற எந்த மருத்துவருக்கும் இரண்டாவது வகையும் தெரியும். அங்கே நாம் எத்தனை முறை தோற்றோம் என்பதும் தெரியும்.

இனி, வருகிறவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று. எட்கர் ஷைன் என்ற அமைப்பு உளவியலாளர் ஆலோசனையில் மூன்று முறைகளைப் பிரித்துப் பேசினார். வாடிக்கையாளர் தனக்குத் தேவையான நிபுணத்துவத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வது ஒன்று. மற்றொன்றுக்கு அவர் வைத்த பெயரே 'மருத்துவர்–நோயாளி முறை': ஆலோசகர் வந்து பார்ப்பார், நோயைக் கண்டுபிடிப்பார், மருந்து எழுதிக் கொடுப்பார். நிறுவனங்களில் இது பெரும்பாலும் பலிக்காது என்றார். மக்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நாம் கண்டதை நம்ப மாட்டார்கள், நம்பினாலும் மருந்தைச் சாப்பிட மாட்டார்கள். தங்கள் நிலையைத் தாங்களே பார்த்துப் புரிந்துகொள்ள உடனிருந்து உதவுவதே அவர் வலியுறுத்திய மூன்றாவது முறை.

நான் இதைப் படித்தது என் முதல் பணியில் தோற்ற பிறகு. ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஷிப்ட் மாறும்போது தகவல்கள் விடுபடுகின்றன என்று என்னை அழைத்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன், பலரிடம் பேசினேன், 42 பக்க அறிக்கை எழுதினேன். காரணங்கள் சரி. பரிந்துரைகள் சரி. இன்றும் அவற்றில் எதையும் மாற்ற மாட்டேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது அங்கே எதுவும் மாறியிருக்கவில்லை. அறிக்கை என்னுடையது, அவர்களுடையதாக அது ஆகவே இல்லை.

இரண்டாம் முறை, பார்த்ததை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி, இரு ஷிப்ட் ஆட்களையும் ஒன்றாக உட்காரவைத்து வாசித்தேன். "இதில் எது சரி, எது தவறு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். மருத்துவருக்கு அந்த அமைதி பெரும் வேதனை. விடை தெரியும், கேட்பவர்கள் எதிரே இருக்கிறார்கள், ஆனாலும் சொல்லக் கூடாது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து ஓர் இளம் செவிலியர் பேசினார். அவர் சொன்ன காரணம் என் 42 பக்கங்களில் இல்லை: வீட்டுக்குப் போகும் கடைசி வண்டி ஷிப்ட் முடியும் அதே நேரத்தில் கிளம்புகிறது. ஷிப்ட் நேரத்தை 15 நிமிடம் நகர்த்தினார்கள். அந்த முடிவை அவர்களே எடுத்தார்கள்.

கடைப்பிடிப்பதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள தூரத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், அரங்கில் குழு வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டிய 19 அம்சங்கள். 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அதை நடைமுறைப்படுத்தியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்த பின் நடந்த, 2014இல் வெளியான ஆய்விலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. நான் உள்ளே நின்று பார்த்த அறுவை அரங்குகளைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமில்லை. மயக்க மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமல் 'ஆம்' என்று சொல்லும் இடத்தில் பட்டியல் வெறும் காகிதம்தான்.

நம்முடைய பயிற்சியில் இங்கே உதவுவதும் நிறைய. நோய் வரலாறு கேட்பது முதலில். நோயாளி சொல்லும் வலியும் நோய் இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பது நமக்குப் பழக்கப்பட்டது. "என் ஊழியர்களுக்குப் பொறுப்பில்லை, ஒரு வகுப்பு எடுங்கள்" என்று நிர்வாகி சொல்லும்போது, அந்த வகுப்பை உடனே ஒப்புக்கொள்ளாமல் எப்போதிலிருந்து, எந்தப் பிரிவில், அதற்கு முன் என்ன மாறியது என்று கேட்கத் தோன்றுகிறதே, அது வார்டு தந்த சொத்து.

ரகசியம் காப்பதும் நமக்குத் தெரியும் என்று நினைப்போம். இங்கே அது சிக்கலானது. அழைத்துக் கட்டணம் தருபவர் ஒருவர், மனம் திறந்து பேசுபவர் இன்னொருவர். "இரவுச் செவிலியர்கள் அஞ்சுகிறார்கள்" என்று எழுதினால், அந்தப் பிரிவில் இரவுப் பணிக்கு இருவர்தான் என்றால், பெயர் எழுதியதாகவே ஆகும். ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் சொன்னதை நான் தனியாக எழுதுவதில்லை. எது யாருக்குப் போகும், எது போகாது என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அமைதி காக்க மாட்டேன் என்பதையும் அதிலேயே எழுதுகிறேன். பேசும்போது ஒருவர் அழுவார். மனச்சோர்வின் எல்லா அறிகுறிகளும் தெரியும். கை பேனாவைத் தேடும். அங்கே நாம் அவருடைய மருத்துவர் அல்ல. தகுந்தவரிடம் அனுப்பிவைப்பதோடு நிறுத்த வேண்டும்.

பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' நிர்வாகியின் கதவைத் திறக்கிறது, இளையவர்களின் வாயை மூடுகிறது. ஆகவே கூட்டங்களில் பணியில் புதியவர் முதலில் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தலைவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் சொல்வார்கள்.

களைப்பு தாங்காமல் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களிடம் கவலையோடு பேச வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை, பணி சார்ந்த நிகழ்வாகவே வைத்திருக்கிறது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். நீங்கள் பலவீனமானவர் என்று அதற்குப் பொருள் இல்லை. முதலில் ஓய்வெடுங்கள், உதவி தேவையென்றால் பெறுங்கள். உறங்காத மூளையோடு தொழிலை மாற்றும் முடிவை எடுக்காதீர்கள். ஆலோசகரான பின்பும் இது நினைவில் இருக்கட்டும்: 30 மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கும் ஒரு பிரிவு தன் ஊழியர்களுக்கு 'மன உறுதி' வகுப்பு எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நான் இருமுறை மறுத்திருக்கிறேன். பணி நேர அட்டவணையைப் பற்றிப் பேச அவர்கள் முன்வந்தால், மறுநாளே போவேன்.

வருமானம் முதல் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக வராது. மருத்துவப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். வாரத்தில் ஒரு நாள் நான் இன்னும் நோயாளிகளைப் பார்க்கிறேன். குழுக்களை வழிநடத்தவும் தனிநபர் கோச்சிங் தரவும் முறையாகப் பயிலுங்கள், உங்கள் வேலையைப் பார்த்துக் குறை சொல்ல ஒரு மூத்தவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பணியை விடும் முன் ஒரு சிறு சோதனை. உங்கள் துறையிலேயே ஒரு மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்து, நீங்கள் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் எண்ணுங்கள். நான் முதல் முறை எண்ணியபோது கேள்விகள் 4, பதில்கள் 17. கடந்த வாரக் கூட்டத்தின் குறிப்பில் கேள்விகள் 11, பதில்கள் 6. அந்த ஆறில் நான்கை அங்கிருந்தவர்களே சொல்லியிருப்பார்கள்.