ஸ்தோத்திரம்: போற்றியா, நன்றியா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் இப்போது ஜெபமே ஆங்கிலத்தில்தான். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் கீர்த்தனைகளை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிறார்கள். அப்படியும் ஆயாவின் வாயிலிருந்து ஒரு சொல் மட்டும் போவதாயில்லை. படுக்குமுன் கட்டிலோரம் உட்கார்ந்து அன்றைய கணக்கைச் சொல்வார்: முட்டிவலி இல்லாமல் படியேறினதுக்கு ஸ்தோத்திரம், லோட் ஷெட்டிங்குக்கு முன்னே சோறு வெந்ததுக்கு ஸ்தோத்திரம், பேரன் பத்திரமாக வீடு வந்ததுக்கு ஸ்தோத்திரம். பேரனைக் கேட்டால் அதற்கு 'தேங்க் யூ' என்றுதான் பொருள் சொல்வான். அகராதி அப்படிச் சொல்லாது.

இது வடசொல். 'ஸ்து' என்ற வேருக்குப் புகழ்தல் என்று பொருள். நாம் தமிழ் என்றே நினைத்துப் புழங்கும் 'துதி'யும் அதே வேரில் பிறந்ததுதான். மெய்யெழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ஸ்தோத்திரம் 'தோத்திரம்' ஆயிற்று. சைவர்கள் திருமுறைகளைத் தோத்திரம் என்றும், சித்தாந்தத்தை விளக்கும் மெய்கண்ட நூல்களைச் சாத்திரம் என்றும் பிரித்துச் சொல்வார்கள். அங்கே தோத்திரம் என்பது இறைவனைப் புகழ்ந்து பாடுவது. நன்றி சொல்வது என்ற பொருள் அதில் முன்னால் நிற்பதில்லை.

அந்தப் பொருளை ஏற்றியது வேதாகம மொழிபெயர்ப்பு. 1871-இல் வெளிவந்த 'பழைய திருப்புதல்' என்ற மொழிபெயர்ப்பு, 103-ஆம் சங்கீதத்தில் 'கர்த்தரை ஸ்தோத்திரி' என்கிறது. அங்கே எபிரேய மூலச் சொல்லுக்கு வாழ்த்துதல், போற்றுதல் என்று பொருள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (5:18) 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று வருகிறது. அங்கே மூலத்தில் இருப்பது நன்றி சொல்லும் கிரேக்க வினை. இன்றைக்கும் கிரேக்கர்கள் நன்றிக்கு 'எஃப்கரிஸ்தோ' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வேறு சொற்களுக்கு இங்கே ஒரே சொல். 1995-இல் வந்த 'திருவிவிலியம்' என்ற மொழிபெயர்ப்பு முதலாவதைப் 'போற்றிடு' என்றும், இரண்டாவதை 'நன்றி கூறுங்கள்' என்றும் பிரித்துவிட்டது. (அதே கிரேக்கச் சொல்லின் பெயர் வடிவம் அப்பமும் இரசமும் பகிரும் சடங்குக்குப் பெயர். அதைக் கத்தோலிக்கர் 'நற்கருணை' என்று அசைக்கு அசை தமிழாக்கினார்கள். அழகான சொல், ஆனால் நன்றி அதில் மறைந்துவிட்டது.)

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் கவனமில்லாமல் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எபிரேயத்தில் 'தோதா' என்ற ஒரே சொல் நன்றியையும் துதியையும் தாங்குகிறது. லேவியராகமம் 7-ஆம் அதிகாரம் சொல்லும் ஸ்தோத்திரபலி அதுதான். எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லாத அதிரசமும் அடையும் அதோடு படைக்க வேண்டும் என்று நம் சமையலறைப் பெயரிலேயே தமிழ் வேதாகமம் எழுதி வைத்திருக்கிறது! அதைவிட முக்கியம் அடுத்து வரும் விதி: அந்தப் பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக்கூடாது. அன்றாட நன்றி என்ற பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. தானியேலும் தினம் மூன்று வேளை முழங்காலிட்டு ஸ்தோத்திரம் செலுத்தினான். ஜெபம் செய்தால் சிங்கக் கெபியில் (குகையில்) போடுவார்கள் என்று தெரிந்தும் ஒரு வேளையைக்கூட விடவில்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஜூலு மொழியில் 'ஙியாபோங்கா' என்றால் நன்றி சொல்கிறேன். அதே 'போங்கா' என்ற வினைக்குப் புகழ்தல் என்றும் பொருள். அரசர்களைப் புகழும் பாட்டு 'இஸிபோங்கோ', பாடுகிறவர் 'இம்போங்கி'. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் வந்து இறங்கியவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வழிவந்த பிள்ளைகள் கடைத்தெருவில் நாள்தோறும் கேட்கும் ஜூலுச் சொல்லும், வீட்டில் ஆயா சொல்லும் சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சரி, தமிழில் எதைச் சொல்வது? புகழ்ச்சிக்குப் போற்றி, ஏத்துதல், பரவுதல், வாழ்த்துதல் என்று தாராளமாக இருக்கிறது. நன்றிக்கு நன்றிதான். அதிலும் ஒரு நுட்பம்: குறளின் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தில் நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்ட நன்மை, அதை அறிவதும் மறவாமல் இருப்பதும்தான் நம் பங்கு. 'அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே' என்று 103-ஆம் சங்கீதம் கேட்பதும் இதையே. படியேறினது, சோறு வெந்தது என்று ஆயா பேர் சொல்லி எண்ணுவது சரியான நன்றியறிதல். வெறுமனே 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று அடுக்கிக்கொண்டே போனால் அது துதியாகலாம், நன்றியாகாது.

ஆகவே ஸ்தோத்திரக் காணிக்கையை 'நன்றிக் காணிக்கை' என்றும், குணமானதற்காகவோ வீடு வாங்கியதற்காகவோ நடத்தும் ஸ்தோத்திரக் கூட்டத்தை 'நன்றி வழிபாடு' என்றும் தாராளமாகச் சொல்லலாம். ஆராதனையில் வரும் ஸ்தோத்திரத்துக்குப் 'போற்றி' பொருந்தும். சபை வாசலில் ஒருவரைப் பார்த்ததும் கைகூப்பிச் சொல்லும் ஸ்தோத்திரம் மட்டும் இரண்டிலும் அடங்காது. அது வணக்கத்தின் இடத்தில் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.