காயில்: சூடானதும் நின்றுபோகும் எஞ்சினும் ‘பொறிச்சுருள்’ என்ற சொல்லும்

சென்னையில் ‘காயில்’ என்றால் என்ன பொருள் என்பது, நாம் எந்தக் கடையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. மளிகைக் கடையில் அது கொசுவத்தி. ‘மோட்டார் காயில் கட்டப்படும்’ என்று பலகை தொங்கும் இடத்தில் அது செம்புக் கம்பிச் சுற்று. புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் பாகம் விற்பவரிடம் காயில் வேண்டும் என்றால், “எந்தக் காயில்ணே? எச்.டி.யா, பல்சரா, சோர்ஸா?” என்று திருப்பிக் கேட்பார். பதில் தெரியாமல் கையில் கிடைத்ததை வாங்கி வந்தால் பணம் தண்டம். சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஓடும் பழைய பெட்ரோல் எஞ்சின் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

சொல்லின் மூலம் லத்தீன். ‘ஒன்றுசேர்த்தல்’ என்று பொருள்படும் ‘கொல்லிகெரே’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைப்பதைக் குறித்தது. ‘கலெக்‌ஷன்’ என்று நாம் சொல்வதும் அதே வேர்தான். கயிற்றுக்கு இருந்த பெயர் பின்னர் கம்பிக்கும் ஒட்டிக்கொண்டது. மின்தூண்டலை ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அயர்லாந்துப் பாதிரியார் நிக்கலஸ் காலன் 1836இல் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்றைப் போட்டு உயர் மின்னழுத்தம் எடுக்கும் தூண்டு சுருளைச் செய்தார். எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் இன்றைய இக்னிஷன் காயிலுக்கு அதுதான் மூதாதை. ‘இக்னிஷன்’ என்பதன் வேரான லத்தீன் ‘இக்னிஸ்’ நெருப்பைக் குறிக்கும். சமஸ்கிருத ‘அக்னி’க்கு அது உறவுச் சொல். அப்படிப் பார்த்தால் நம் அக்னி நட்சத்திரத்துக்கும் அது தூரத்துச் சொந்தம்.

இந்த இக்னிஷன் காயிலைத்தான் கடைக்காரர் எச்.டி. காயில் என்கிறார். ‘எச்.டி.’ என்பது ஹை டென்ஷன். இங்கே டென்ஷன் என்றால் மின்னழுத்தம். மின்வாரியத்தின் ‘உயர் மின்னழுத்தம்’ என்ற தொடரில் இருப்பதும் இதுதான்.

சரி, காயிலுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘சுருள்’ என்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. பள்ளிப் பாடநூலில் மின்மாற்றியைப் படித்த எல்லாருக்கும் முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்ற சொற்கள் தெரியும். முன்னால் எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ‘எரியூட்டுச் சுருள்’ இலக்கணப்படி சரி. ஆனால் ‘எரியூட்டினார்கள்’ என்றதும் நம் மனம் மயானத்துக்குப் போய்விடுகிறது. ‘பற்றவைப்புச் சுருள்’ பரவாயில்லை, கொஞ்சம் நீளம். நான் ‘பொறிச்சுருள்’ என்பதையே விரும்புகிறேன். பொறி என்பதற்கு இயந்திரம், புலன் என்றும் பொருள் உண்டு. இருந்தாலும் தீப்பொறி, பொறி பறந்தது என்று தினமும் புழங்கும் சொல் அது. தவிர, அந்தப் பாகம் செய்யும் வேலையையே அது சொல்லிவிடுகிறது. மற்றவற்றில், காந்தச் சக்கரத்தின் நிலையை உணர்ந்து சைகை அனுப்பும் பல்சர் காயிலை ‘சைகைச் சுருள்’ எனலாம். பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே நொடியில் விடும் சி.டி.ஐ. பெட்டிக்கு மின்சாரம் தரும் சோர்ஸ் காயிலுக்கு ‘ஊட்டுச் சுருள்’ பொருந்தும்.

பொறிச்சுருளுக்குள் இருப்பவை இரண்டு சுருள்கள். உள்ளே தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள். அதன்மேல் தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுகள். காந்தம் பதித்த சக்கரம் பக்கத்தில் கடக்கும்போது முதன்மைச் சுருளில் மின்சாரம் பாய்கிறது. பாயிண்ட் எனப்படும் தொடுமுனையோ டிரான்சிஸ்டரோ அதைச் சட்டென்று துண்டிக்கும் நொடியில், துணைச் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே எழுந்து பிளக்கில் பொறியாகத் தாவுகிறது.

வெப்பம் தாக்குவது அந்த மெல்லிய கம்பியைத்தான். வருடக்கணக்கில் சூடாகி ஆறியதில் கம்பியின்மேல் பூசிய எனாமல் வெடிக்கிறது, அல்லது கம்பியே கண்ணுக்குத் தெரியாமல் அறுகிறது. குளிர்ந்திருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், எஞ்சின் நன்றாக ஓடும். சூட்டில் எல்லாம் விரியும்போது முனைகள் விலகுகின்றன, பொறி நிற்கிறது. எஞ்சின் நின்றதும் விசிறிக் காற்றும் நின்றுவிடுவதால் சுருளின் சூடு சில நிமிடம் இன்னும் ஏறும். உடனே ஸ்டார்ட் செய்யும் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது கிளம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். அரை மணி நேரம் கழித்து ஒரே இழுப்பில் கிளம்பும். “இப்ப நல்லாத்தானே ஓடுது” என்று மெக்கானிக் திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

2012இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது. அப்போது வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் இன்னும் பல வீடுகளின் மாடிப்படி அடியில் கிடக்கின்றன. 2016 வர்தாவுக்கும் 2023 மிக்ஜாமுக்கும் அவற்றை வெளியே எடுத்தார்கள். டிசம்பர் குளிரில் ஒழுங்காக ஓடியது, கத்திரி வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடும். அப்போது கார்ப்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் இதைத்தான் ‘பிளக்குல கரண்ட் வருதா’ என்பார்கள்.

எஞ்சின் நின்ற கையோடு, சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். திறந்த துளை வழியே பெட்ரோல் ஆவி வந்தால் தீப்பிடிக்கும். வேறொரு பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொடும்படி வைத்து, கையால் பிடிக்காமல் கயிற்றை இழுக்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று தெரிந்தால் சுருளில் குறை இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, குழாயில் பெட்ரோல் ஆவியாவது என்று எரிபொருள் பக்கம் போகலாம். பொறியே இல்லை என்றால் அப்போதும் அவசரப்பட்டுச் சுருளை மாற்றக் கூடாது. ஆஃப் சுவிட்சுக்குப் போகும் வயரின் உறை உருகி, உள்ளே இருக்கும் கம்பி எஞ்சின் உடம்பைத் தொட்டாலும் இதே கதைதான். ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சாரும் அப்படியே செய்யும். பாயிண்ட் உள்ள பழைய எஞ்சினில் கண்டென்சர், அதாவது மின்தேக்கி, சூட்டில் கசியலாம். ஆயில் அளவைப் பார்த்து, சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை சோதித்த பிறகே பழியைச் சுருள்மேல் போட வேண்டும். சுவிட்ச் வயர் கழன்றிருக்கும்போது எஞ்சின் கிளம்பிவிட்டால் சுவிட்சால் அதை நிறுத்த முடியாது என்பதால், பெட்ரோல் குழாயை முதலிலேயே மூடிவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய பொறிச்சுருளைக் கழற்றி எடுத்துப்போவது நல்லது, எச்.டி. காயில் என்று கேட்டால் கடைக்காரருக்கும் புரியும். புதியதை மாட்டும்போது சக்கரத்தின் காந்தத்துக்கும் சுருளின் இரும்புக் காலுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் அது மில்லிமீட்டரில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும், கெட்டியான விசிட்டிங் கார்டின் தடிமன். கார்டை இடையில் செருகி, காந்தம் சுருளை இழுத்துப் பிடிக்கவிட்டு, திருகுகளை இறுக்கிய பின் சக்கரத்தைக் கையால் திருப்பினால் கார்டு தானே வெளியே வந்துவிடும். மூடியைப் போடுவதற்குள் சூட்டை வெளியேற்றும் சிலிண்டரின் இதழ்களுக்கு நடுவே அடைந்த தூசியையும் எலி சேர்த்த குப்பையையும் எடுத்துவிட வேண்டும். அங்கே காற்று போகவில்லை என்றால் புதுச் சுருளும் பழையது போலவே வெந்துபோகும்.