ஆல்பம் என்றால் ஒரே ஒரு பாட்டா?

அக்கா மகன் போன மாதம் கூப்பிட்டு, "மாமா, என் ஃபிரெண்டு ஒரு ஆல்பம் விட்டிருக்கான், பாத்துட்டு லைக் போடுங்க" என்றான். திறந்து பார்த்தால் நாலு நிமிடப் பாட்டு ஒன்று. கடற்கரை, புல்லட், கொஞ்சம் மழை, அவ்வளவுதான். "மத்த பாட்டெல்லாம் எங்கடா?" என்று கேட்டேன். "ஆல்பம்னாலே ஒரு பாட்டுதானே மாமா" என்றான், பெரியவர்களுக்கு வாட்ஸப் சொல்லிக்கொடுக்கும் குரலில்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் இன்று 'ஆல்பம் சாங்' என்றால் சினிமாவில் வராத பாட்டு என்றுதான் பொருள். பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்றாகிவிட்ட ஊரில் வெளியே நிற்கும் பாட்டுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது இந்தச் சொல். ஆனால் அதே பையன் கல்யாண வீட்டில் "ஆல்பம் வந்துருச்சா?" என்று கேட்டால் அது வேறு சரக்கு. மடியில் வைத்தால் தொடை வலிக்கிற கனம், தடித்த அட்டை, தாலி கட்டும்போது யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்ற பஞ்சாயத்து. இரண்டில் சொல்லின் பிறப்புக்குப் பக்கத்தில் இருப்பது கல்யாண ஆல்பம்தான்.

இலத்தீனில் 'அல்பஸ்' என்றால் வெள்ளை. அதிலிருந்து வந்தது 'ஆல்பம்', வெள்ளையானது. பழைய ரோமில் சுண்ணாம்பு பூசிய பலகைக்கு அந்தப் பெயர். பிரேட்டர் என்ற நீதி அதிகாரி தன் ஆணைகளை அதில் எழுதி ஊர் பார்க்க வைப்பார். பிறகு பலகையில் எழுதிய பெயர்ப்பட்டியலுக்கே அந்தப் பெயர் போனது; செனட் உறுப்பினர் பட்டியலும் ஆல்பம், நீதிபதிகள் பட்டியலும் ஆல்பம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் அல்புமின்கூட இதே குடும்பந்தான், முட்டையின் வெள்ளைக்கரு. பீட்டில்ஸ் குழு 1968-இல் வெறும் வெள்ளை அட்டையில் போட்ட தொகுப்பை உலகமே 'ஒயிட் ஆல்பம்' என்கிறது. இலத்தீன் தெரிந்தவர் காதுக்கு அது 'வெள்ளை வெள்ளை'. நாம் 'நடு சென்டர்' என்போமே, அந்த மாதிரி.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில், விட்டன்பர்க் போன்ற பல்கலைக்கழக ஊர்களில், மாணவர்கள் வெற்றுத்தாள் ஏடு ஒன்றைக் கையோடு வைத்திருந்தார்கள். நண்பர்களும் ஆசிரியர்களும் அதில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதற்கு 'ஆல்பம் அமிக்கோரம்', நண்பர்களின் ஏடு என்று பெயர். பள்ளிக் கடைசி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராப் நோட்டேதான். வெள்ளைத்தாள் என்பதால் பழைய பெயர் பொருந்தியது. பிறகு அந்த ஏட்டில் கையெழுத்துக்குப் பதில் படங்களை ஒட்டினார்கள். 1848-இல் ராபர்ட் சூமான் இளையோருக்காக எழுதிய 43 சிறு பியானோ உருப்படிகளை ஒன்றாகச் சேர்த்து 'ஆல்பம்' என்று பெயரிட்டார். எடிசன் ஒலிப்பதிவைக் கண்டுபிடிப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் முன்பே இசைக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு.

நாம் இன்று சொல்லும் பொருள் அரக்குத் தட்டுக் காலத்தில் வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடந்தான் பிடிக்கும். நீளமான இசை என்றால் பல தட்டு. கீழே போட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஆகவே தடித்த காகித உறைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டிய ஒரு புத்தகம் செய்தார்கள். பார்க்க அச்சு அசலாகப் புகைப்பட ஆல்பம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலும் 1930-களில் மேடை நாடகங்களைப் பல தட்டுகளில் பதிந்து விற்றார்கள். அதை மக்கள் 'செட்' என்றார்கள். பொருள் ஒன்று, சொல் மட்டும் வேறு.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசைக்கு இந்தப் புத்தகக் கட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது. அதுவரை ஜாஸ் என்றால் ஒற்றைத் தட்டு, நடனக் கூடம், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி. ஜார்ஜ் அவாக்கியன் என்ற யேல் பல்கலைக்கழக மாணவர், சிகாகோ பாணிக் கலைஞர்களைத் தேடிப் பிடித்துப் புதிதாக வாசிக்க வைத்து, டெக்கா நிறுவனத்துக்காக 'சிகாகோ ஜாஸ்' என்ற கட்டைச் செய்தார். 1940-இல் வந்தது. ஜாஸின் முதல் ஆல்பம் என்று பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பாடகர் பக்கம் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 1946-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'தி வாய்ஸ் ஆஃப் ஃபிராங்க் சினாட்ரா'. நாலு தட்டு, எட்டுப் பாட்டு. பின்னால் பெரிய பேண்டு இல்லை. நாலு தந்தி வாத்தியமும் ஒரு சிறிய தாளக் குழுவும். அரை மணி நேரங்கூட வராத இசை. தட்டைத் தானே மாற்றும் பெட்டி இல்லாத வீட்டில், அதை முழுதாகக் கேட்க எட்டுத் தடவை எழுந்துபோய் ஊசி வைக்கவேண்டும். அப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தவர்கள்தான் பாட்டுகளை ஒரு வரிசையில் கேட்கப் பழகினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1948 ஜூனில் கொலம்பியா 33⅓ சுற்று எல்.பி. (லாங் பிளே) தட்டைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். புத்தகக் கட்டுக்கு இனி வேலையில்லை. ஒரே தட்டு, ஒரே உறை. ஆனாலும் பெயர் போகவில்லை. வட்டு சுழற்றாத போனில் நாம் இன்னும் 'டயல்' பண்ணுவது போல, பக்கமே இல்லாத பொருள் ஆல்பமாகவே நின்றுவிட்டது.

அந்த நாற்பது நிமிடத்தை மிக அழகாகப் பயன்படுத்திக்கொண்டது யார் என்று கேட்டால், பாடகரும் நாலைந்து வாத்தியக்காரரும் சேர்ந்த ஜாஸ் தட்டுகள் என்றுதான் சொல்வேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய பேண்டுகளைக் கட்டி மேய்க்க யாரிடமும் காசில்லை. நல்ல மைக் வந்துவிட்டதால் பாடகர் கத்தவேண்டிய தேவையும் இல்லை. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகி 1950-இல், கெர்ஷ்வின் என்ற இசையமைப்பாளரின் பாட்டுகளை எல்லிஸ் லார்கின்ஸின் பியானோ ஒன்றை மட்டும் துணையாக வைத்துப் பாடினார். ஜூலி லண்டனின் 1955 தட்டில் ஒரு கிதார், தாழ்ந்த சுருதியில் உறுமும் தந்தி வாத்தியமான பேஸ் ஒன்று, அவ்வளவுதான். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

1956 ஆகஸ்ட் 16. ஹாலிவுட்டில் கேப்பிட்டல் ஸ்டூடியோ. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும், டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் நிற்கிறார்கள். ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ஹெர்ப் எல்லிஸ் கிதார், ரே பிரவுன் பேஸ், பட்டி ரிச் டிரம்ஸ். ஒரே நாளில் பதினொரு பாட்டு. ஒரு குரல் இளநீர், ஒரு குரல் சரளைக்கல். இரண்டும் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க நாலு பேரும் கையை அடக்கி வாசித்திருக்கிறார்கள். வேகமான கைக்குப் பேர்போன பட்டி ரிச் அன்றைக்கு அங்கே இருந்தாரா என்றே சில இடங்களில் சந்தேகம் வரும்.

இன்னொன்று, 1963 மார்ச்சில் நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானது. டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், குரல் ஜானி ஹார்ட்மன். கூடவே பியானோவில் மெக்காய் டைனர், பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். ஆறே பாட்டு, அரை மணி நேரம். மூன்றாவது பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கோல்ட்ரேன் மெட்டை முழுதாக ஒரு சுற்று வாசிக்கிறார். இரண்டு நிமிடம் போயும் பாடகர் வாய் திறக்கவில்லை. பாட்டு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் ஹார்ட்மன் உள்ளே வருகிறார், அதே மெட்டில், இப்போது சொற்களோடு. சாக்ஸபோன் ஏற்கெனவே சொல்லிவிட்ட விஷயத்துக்குப் பொழிப்புரை சொல்வது போல இருக்கும். இதைத் தனியாக ஒரு கோப்பாக இறக்கிக் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முந்தைய இரண்டிலும் ஹார்ட்மன் குரலைக் கேட்டுப் பழகியவருக்குத்தான் அந்த இரண்டு நிமிடம் காத்திருப்பாகப் படும். வரிசை செய்யும் வேலை இது.

இந்தச் சிறு குழுக்களை ஜாஸ்காரர்கள் 'காம்போ' என்பார்கள், 'காம்பினேஷன்' என்பதன் சுருக்கம். நம் ஊரில் காம்போ என்றால் பிரியாணியும் கூல்டிரிங்கும் என்றாகிவிட்டதால் அதைத் தொடவேண்டாம். டிரியோவுக்கு மூவர் குழு, குவார்ட்டெட்டுக்கு நால்வர் குழு. நேராகப் பொருந்துகிறது. 'பக்கவாத்தியம்' என்று எழுதினால் மட்டும் இடறும். மேலே சொன்ன பாட்டில் பக்கத்தில் இருப்பவர் யார், நடுவில் இருப்பவர் யார்?

சரி, ஆல்பத்துக்குத் தமிழ் என்ன?

'இசைத்தட்டு' என்பது பொருளின் பெயர், உள்ளடக்கத்தின் பெயர் இல்லை. 78-இல் இரண்டு பாட்டு இருந்தாலும் அது இசைத்தட்டுதான். 'ஒலிப்பேழை' கேசட்டோடு வந்து கேசட்டோடு போனது. 'இசைத்தொகுப்பு' பரவலாக இருக்கிறது, பிழை இல்லை, ஆனால் செய்தித்தாள் வாடை. தொகுப்பு என்றால் செய்தித் தொகுப்பும் உண்டு, படத்தொகுப்பும் உண்டு. இதில் படத்தொகுப்பு என்பது சினிமாவில் எடிட்டிங் ஆகிவிட்டதால், புகைப்பட ஆல்பத்துக்கு அந்தப் பெயர் வைக்கப் போனவர்கள் பாடு திண்டாட்டம்.

இந்த ஜாஸ் தட்டுகளில் ஒரு விசேஷம் உண்டு. பாடகர் பாடுவது பெரும்பாலும் புதுப்பாட்டு இல்லை. இருபது முப்பது வருடம் முன்பு நாடக மேடைக்கோ சினிமாவுக்கோ யாரோ எழுதியது, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்தது. ஆகவே ஆல்பம் செய்வது என்றால் பாட்டு எழுதுவது அல்ல. எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பிறகு எதை வைப்பது என்பதுதான். இந்த வேலைக்குத் தமிழில் இரண்டாயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பழக்கம் இருக்கிறது. எப்போதோ யார் யாரோ பாடியதை எடுத்து, அடி அளவு பார்த்து, திணை பார்த்துக் கட்டியதுதான் குறுந்தொகையும் ஐங்குறுநூறும். அதற்கு நாம் வைத்த பெயர் தொகை. ஐங்குறுநூறு ஐந்து புலவர், ஆளுக்கு ஒரு திணை, ஆளுக்கு நூறு பாட்டு. ஐவர் குழு என்று சொன்னால் புலவர்கள் கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

இன்னொரு சொல் கோவை, பாட்டுகளை ஒரு வரிசையில் கோத்தது. தொகையில் வரிசை மாறினால் பெரிய நட்டமில்லை. கோவையில் மாறக்கூடாது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாட்டு. தலைவனும் தலைவியும் தாமே கூடும் இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கி, தலைவன் பரத்தையை நாடிப் போகும் பரத்தையிற் பிரிவில் முடிகிறது. ஒவ்வொன்றும் தனியாக நிற்கும், சேர்ந்தால் ஒரு கதை. சினாட்ரா 1955-இல் நள்ளிரவுத் தனிமையைப் பற்றிய பதினாறு பாட்டை மட்டும் ஒரு தட்டில் வைத்தாரே, ஆங்கிலத்தில் 'கான்செப்ட் ஆல்பம்' என்று அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். தமிழில் அது கோவை. இசைக்கோவை என்று எழுதினால் கோயம்புத்தூர்க் கச்சேரி விளம்பரம் போலத் தெரிகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். தெரிந்தால் தெரியட்டும்.

ஆகவே என் கணக்கு இது: பொதுவாக ஆல்பத்துக்கு இசைத்தொகை. ஒரே மனநிலையில், வரிசை கெடாமல் கட்டியதென்றால் இசைக்கோவை. பழைய வெற்றிப் பாட்டுகளை வாரிக் கட்டி விற்பதற்குத் திரட்டு போதும். பேச்சில் ஆல்பம் ஆல்பமாகவே இருக்கட்டும். தமிழ் அதற்கெல்லாம் உடைந்துபோகாது.

இதில் எனக்கு உபரியாகக் கிடைத்த ஒன்று உண்டு. 'புரொடியூசர்' என்பதற்குத் தயாரிப்பாளர் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். எல்லாவையும் லூயியையும் ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்திய நார்மன் கிரான்ஸ் ஒரு ஸ்வரம் வாசிக்கவில்லை. அவர் இல்லாமல் அந்தத் தட்டும் இல்லை. ஐங்குறுநூற்றின் கடைசியில் இரண்டு பெயர் இருக்கிறது. தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் சேர மன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தானே செய்தவருக்கும் செய்வித்தவருக்கும் தனித்தனிச் சொல். கிரான்ஸ் தொகுப்பித்தவர்.

அக்கா மகனின் நண்பனுக்கும் ஒரு சொல் இருக்கிறது. எந்த நூலிலும் சேராமல் தனியே நிற்கும் பாட்டைத் தனிப்பாடல் என்பது பழைய வழக்கம். காளமேகத்தின் பேர்போன பாட்டெல்லாம் அப்படி நின்றவைதான். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா தமிழ் பரீட்சைன்னு நெனச்சு யாரும் கிளிக் பண்ண மாட்டாங்க."