‘குழந்தைப் போராளி’ சரியான சொல்தானா?

பிப்ரவரி 12, செங்கை நாள். போரில் பிள்ளைகளைப் பயன்படுத்துவதை எதிர்க்கும் சிவப்புக் கைத்தடப் படங்கள் அன்று செல்போன்களில் சுற்றும். அதற்குச் சில நாள் முன்பு, மதுரை சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் நின்றிருந்தேன். கல்லூரிப் பெண்கள் இருவர் சுவரொட்டி அடிக்க வந்திருந்தார்கள். ‘குழந்தைப் போராளிகளைக் காப்போம்’ என்பது வாசகம். “அக்கா, பிழை இருக்கான்னு பாருங்க” என்றாள் ஒருத்தி. இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் அந்தச் சொல் உறுத்தியது.

அது ‘சைல்ட் சோல்ஜர்’ என்ற ஆங்கிலத் தொடரின் தமிழாக்கம். ‘சோல்ஜர்’ என்பதன் வேர், ‘சோலிடஸ்’ என்ற ரோமானியப் பொற்காசு. காசு வாங்கிப் போர் செய்பவர் என்பது பழைய பொருள். ஏறக்குறைய நம் ‘கூலிப்படை’ மாதிரி. பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைக்கு யார் காசு கொடுத்தார்கள்?

தமிழில் இன்னும் சிக்கல். அறிவை ஆள்பவர் அறிவாளி, முதலை ஆள்பவர் முதலாளி. அப்படியானால் போரை ஆள்பவர்தான் போராளி. மகனைப் போருக்கு அனுப்பிய வீரத்தாயைப் பள்ளியிலேயே படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல் காதில் பெருமையாகத்தான் விழும். டொமினிக் ஒங்வென் என்ற உகாண்டாச் சிறுவனை, சுமார் ஒன்பது வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனியின் படை பிடித்துக்கொண்டு போனது. அந்த வயதில் அவன் எந்தப் போரை ஆண்டான்? அதே படையில் தளபதியாகி அவன் செய்த கொடுமைகளுக்காக, 2021இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 25 ஆண்டு சிறை விதித்தது. சின்ன வயதில் கடத்தப்பட்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்தத் தண்டனை.

கோனியின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது 2012 மார்ச் 5 அன்று இணையத்தில் வெளியான அரைமணி நேரப் படம். ஆறே நாளில் பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. கோனியின் படை உகாண்டாவை விட்டுப் போய் அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வட உகாண்டாவின் லிரா நகரில் அதைத் திரையிட்டபோது, பாதிக்கப்பட்ட மக்களே கோபத்தில் கல்லெறிந்தார்கள். ஏப்ரல் 20 இரவு ஊர் ஊராகக் கோனியைப் பற்றிச் சுவரொட்டி ஒட்டுவது படம் எடுத்தவர்களின் திட்டம். பல நகரங்களில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தப் படம் வந்த ஒன்பதாம் நாள், மார்ச் 14, அதே நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பைச் சொன்னது. 15 வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்த்துப் போரில் ஈடுபடுத்தியதற்காகக் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபங்கா குற்றவாளி. பிள்ளை தானாகவே வந்தது என்ற வாதம் அங்கே செல்லாது. எனக்கு அந்தப் படத்தைவிட இந்தத் தீர்ப்புதான் பெரிது. அந்த மாதம் இதை நமக்கு யாரும் பகிரவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் இலக்கணம் கை கொடுக்கிறது. சேர்ந்தான் தன்வினை, சேர்த்தான் பிறவினை. ‘படையில் சேர்ந்த சிறுவர்கள்’ என்று எழுதினால் பொறுப்பு பிள்ளை தலையில் விழும். ‘படையில் சேர்க்கப்பட்ட சிறார்’ என்றால், சேர்த்தது யார் என்ற கேள்வி தானாக வரும். போரில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றிய சர்வதேச ஆவணமான 2007இன் பாரிஸ் கோட்பாடுகளும் இதே திசையில்தான் போகின்றன. படைகளோடும் ஆயுதக் குழுக்களோடும் இணைந்திருக்கும் பிள்ளைகள் என்கிறது அந்த ஆவணம். துப்பாக்கி தூக்கியவர்களோடு சமைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், சேதி கொண்டுபோனவர்கள், பெண்பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். ‘போராளி’ என்ற சொல்லுக்குள் இவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அச்சகத்துக்குப் போன அன்று சாயங்காலம், மதுரை ஆனையூர் ஈழத்தமிழர் முகாமில் இருக்கும் தையல்கார அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். ஈழப்போரிலும் 18 வயது நிரம்பாதவர்கள் படைக்குச் சேர்க்கப்பட்டதை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “பிள்ளை பிடிக்கிறாங்கள் எண்டுதான் சொல்லுவம்” என்றார்.

சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் மதுரைப் பக்கம் நாமும் அதைத்தான் சொல்கிறோம், பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று. நமக்கு அது வெறும் பூச்சாண்டி.

மறுநாள் காலையில் அச்சகத்துக்குப் போன் செய்தேன். நல்லவேளை, இன்னும் அடிக்கவில்லை. அந்தப் பெண்களிடம் பேசி வாசகத்தை மாற்றினோம்: ‘படைக்குப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பு.’