ரொட்டி ஆலை ஏன் வட்டமாக நிற்கிறது?

"கன்ஸ்ட்ரக்டிவிசம் என்றால் அலங்காரமில்லாத கான்கிரீட் பெட்டிதானே? மாஸ்கோவின் பழைய ரொட்டி ஆலை மட்டும் ஏன் டிரம் மாதிரி இருக்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கட்டடம் செய்யும் வேலை அதன் வடிவத்தில் தெரிய வேண்டும் என்பது 1920களின் சோவியத் கட்டடக் கலைஞர்கள் பலரின் பிடிவாதம். அந்தப் போக்குக்குப் பெயர்தான் கன்ஸ்ட்ரக்டிவிசம். மாஸ்கோவின் பிரெஸ்னியா பகுதியில் வெஸ்னின் சகோதரர்கள் கட்டிய பல்பொருள் அங்காடிக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. சரி, ஆனால் வியாபாரத்தைச் சாதாரணச் சுவருக்குள்ளும் நடத்தலாம். ரொட்டி ஆலையில் கதையே வேறு. அங்கே இயந்திரம் வட்டம், அதன்மேல் போர்த்திய சட்டைதான் சுவர்.

1930களின் தொடக்கத்தில் வந்த இந்த அமைப்பு பொறியாளர் கியோர்கி மர்சகோவுடையது. மாவை முதலில் மேல்மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். சலிப்பது, பிசைவது, புளிக்க வைப்பது, துண்டு போடுவது, சுடுவது என்று ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அது கீழே இறங்கும். இறக்கும் வேலை புவியீர்ப்புக்கு. அதற்குச் சம்பளம் கிடையாது!

எனக்குப் பிடித்தது மாவைச் சுமந்தபடி வட்டமாகச் சுற்றும் கன்வேயர் வளையம்தான். நேராக ஓடும் கன்வேயரில், அதாவது சரக்கைச் சுமந்து நகரும் பெல்ட்டில், சரக்கை இறக்கிய பிறகு பெல்ட் காலியாகத் திரும்பி வர வேண்டும். பாதி நீளம் வீண். வளையத்தில் திரும்பும் பாதையே இல்லை. அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டி வேக 50 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும்படி வேகத்தை வைத்தால் போதும். பச்சை மாவை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெந்த ரொட்டி வந்து நிற்கும், காலியான இடத்தில் அடுத்த துண்டு ஏறும். வேறு வகை ரொட்டிக்குக் கூடுதல் நேரம் வேண்டுமா? சுற்றை மெதுவாக்கினால் ஆயிற்று. அடுப்பே கடிகாரமாகிவிடுகிறது. புளிக்க வைக்கும் வளையத்துக்கும் இதே கணக்குதான்.

ஒரு குறையும் உண்டு. நேர்கோட்டை நீட்டலாம், வட்டத்தை நீட்ட முடியாது. உற்பத்தியைப் பெருக்க இன்னொரு வளையம்தான் வேண்டும்.

கட்டடக் கலைஞர்களைக் கொண்டாடுகிற நாம் மர்சகோவ் போன்ற பொறியாளர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம் என்பது என் நெடுநாள் புகார். லெனின்கிராடில் அவர் முறையில் அமைந்த லெவஷோவ்ஸ்கி ஆலை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளின் முற்றுகையில் நகரம் கிடந்தபோதும் ரொட்டி சுட்டது. 1941 குளிர்காலத்தில் அந்த நகரில் ஒருவருக்குக் கிடைத்த மிகக் குறைந்த பங்கு நாளைக்கு 125 கிராம்.

வாசகர் கேட்ட மாஸ்கோ ஆலையில் இப்போது ரொட்டி வேகுவதில்லை. 2022இல் அது 'சோட்டோவ்' என்ற பண்பாட்டு மையமாகத் திறக்கப்பட்டது. அங்கே காட்சிக்கு வைப்பது கன்ஸ்ட்ரக்டிவிசத்தைத்தான்.